குவாட்ரோ ஸ்டிக்கரும் உப்புக் காற்றும்: ஆபீஸ் ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்பில் கேம் ஏன் திணறுகிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதையொட்டியும், மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் வழக்கப்படியும் நிறுவனங்கள் கழித்துவிடும் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெரு வழியாகவும், வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவர்களின் பெட்டிகள் வழியாகவும் கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் வரை வந்து சேர்கின்றன. அவற்றில் ஒரு வகை மட்டும் வாங்குபவரை மயக்குகிறது. டெல் பிரிசிஷன், எச்பி ஸீபுக், லெனோவோ திங்க்பேட் பி வரிசை போன்ற, டிசைன், பொறியியல் வேலைக்கான ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்கள்தான் அவை. புதிதாக இருந்தபோது லட்சத்தைத் தாண்டிய விலை. மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் இன்டெல் பிராசஸரின் ‘ஸியான்’ ஸ்டிக்கர், மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டின் ‘குவாட்ரோ’ ஸ்டிக்கர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஜிடிஏ 5 போட்டால் முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அப்புறம் மின்விசிறி இரைகிறது, படம் வெட்டி வெட்டி வருகிறது. கடைக்காரர் “குவாட்ரோவில் கேம் ஓடாது தம்பி, அது டிசைன் வேலைக்கு” என்கிறார். நண்பர் “இவ்வளவு விலை போட்ட கார்டு, கேமிங் லேப்டாப்பைவிட நன்றாகத்தான் ஓடணும்” என்கிறார். இருவர் சொல்வதும் தவறு. ஏன் தவறு என்பதற்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

கேம் ‘ஓடுவது’ என்றால்

கேம் என்பது வீடியோ போல முன்பே எடுத்து வைத்த படம் இல்லை. ஒவ்வொரு படத்தையும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும், லேப்டாப் அந்தந்த நொடியில் வரைந்து தள்ளுகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 30 ஃப்ரேம் போதுமென்றால் 33.3 மில்லி நொடி. இந்த நேரத்துக்குள் இரண்டு பேர் வேலை முடிக்க வேண்டும்: யார் எங்கே நிற்கிறார், குண்டு யார் மேல் பட்டது என்று கணக்குப் போடும் பிராசஸர், அதைப் படமாக வரையும் கிராபிக்ஸ் சில்லு. ஒருவர் தாமதித்தாலும் ஃப்ரேம் தாமதிக்கும்.

சராசரி 60 என்று காட்டினாலும் நடுவில் ஒரு ஃப்ரேம் 80 மில்லி நொடி எடுத்துக்கொண்டால் கண் அதைப் பிடித்துவிடும். நம் பையன்கள் ‘லேக்’ என்று சொல்வதில் பாதி இதுதான், மீதிப் பாதி இணைய இணைப்பின் தாமதம். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. பாம்பன் பக்கம் சிக்னல் விழுவதற்கும் குவாட்ரோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரே சில்லு, இரண்டு பெயர்

என்விடியா நிறுவனம் விளையாட்டுக்கு ஜீஃபோர்ஸ் என்றும், தொழில் வேலைக்குக் குவாட்ரோ என்றும் பெயர் வைத்து விற்றுவந்தது. 2020 இறுதியில் குவாட்ரோ என்ற பெயரைக் கைவிட்டு ‘ஆர்டிஎக்ஸ் ஏ’ வரிசைக்கு மாறியது. பெயர்தான் இரண்டு, உள்ளே இருக்கும் சிலிக்கான் பெரும்பாலும் ஒன்றே. லேப்டாப்புக்கான குவாட்ரோ பி2000-இல் இருப்பது ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-இல் உள்ள அதே சில்லு, அதே 768 கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகள். குவாட்ரோ டி2000, ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1650-இன் குடும்பம். குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 3000-இல் 1920 கோர்கள். லேப்டாப் ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 2060-இலும் அதே 1920. ஆர்டிஎக்ஸ் ஏ2000-உம் ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 டிஐ-உம் 2560 கோர்களில் சந்திக்கின்றன.

அப்படியானால் கூடுதல் விலை எதற்கு? பெரும்பகுதி கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும், சான்றிதழுக்கும். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா போன்ற டிசைன் மென்பொருள்களை உருவாக்கும் நிறுவனங்கள் குறிப்பிட்ட கார்டு, குறிப்பிட்ட டிரைவர் இரண்டையும் சேர்த்துச் சோதித்து ‘இதில் கோடு பிசகாது’ என்று சான்று தருகின்றன. கப்பல் பாகம் வரையும் பொறியாளருக்கு அது காசு கொடுத்து வாங்க வேண்டிய உத்தரவாதம்தான். விளையாடுபவருக்கு அதனால் ஒரு ஃப்ரேம்கூட அதிகமாகாது, குறையவும் குறையாது. கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ், வல்கன் இரண்டும் தொழில்முறை டிரைவரிலும் முழுமையாக உண்டு. புது கேம் வெளியான அன்றே வரும் சிறு திருத்தங்கள் சில நாள் பிந்தி வரலாம், அவ்வளவுதான்.

ஸியான் கதையும் இதே. ஸியான் இ-2176எம் 6 கோர், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். அதே காலத்து ஐ7-8850எச் 6 கோர், உச்சம் 4.3. பிழை திருத்தும் இசிசி ராமை ஏற்பதுதான் ஸியானின் பெருமை. கேமுக்கு அது வேண்டியதில்லை. ஸியான் என்று கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

பெயரைவிட வாட் முக்கியம்

சில்லு ஒன்றென்றால் வேகமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். சில்லு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை முடிவு செய்வது அதற்குக் கொடுக்கப்படும் மின்சாரம். ஆர்டிஎக்ஸ் ஏ2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 95 வாட்டும் கொடுக்கலாம். என்விடியா இரண்டையும் அனுமதிக்கிறது. ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றே. ஜீஃபோர்ஸிலும் இந்த விளையாட்டு உண்டு: லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-இன் வரம்பு 35-லிருந்து 115 வாட் வரை.

ஒர்க்ஸ்டேஷன் தயாரிப்பாளர் கைவைக்கும் எண் பெரும்பாலும் கீழ்ப்பக்கமே. காரணம் கஞ்சத்தனமல்ல. அந்தக் கருவி மெல்லியதாக இருக்க வேண்டும், மீட்டிங் நடக்கும்போது இரையக் கூடாது, எட்டு மணி நேரம் ஒரே சீராக வேலை செய்ய வேண்டும். இழுவை மடி (வலை) போட்டு நாள் முழுக்க இழுக்கும் விசைப்படகைத் தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டியில் நிறுத்தினால் அது தோற்கும். அதனால் அது மோசமான படகாகிவிடாது.

தொழிற்சாலை வைத்த அந்த வரம்புகூட முழுதாகக் கைக்கு வருவதில்லை. வழியில் கழியும் இடங்கள் இவை:

1. சார்ஜர். பெரிய ஒர்க்ஸ்டேஷன்களுக்கு 180, 230, 240 வாட் சார்ஜர் வேண்டும். பழைய சந்தையில் கருவியோடு வருவது பல நேரம் 65 அல்லது 90 வாட். பின் பொருந்துகிறது, சார்ஜ் ஏறுகிறது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் சார்ஜர் தன் அடையாளத்தை நடுப் பின் வழியே சொல்லவில்லை என்றாலோ, சொன்ன அளவு போதவில்லை என்றாலோ லேப்டாப் தன்னை மெதுவாக்கிக்கொள்ளும். சிலவற்றில் பிராசஸர் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடங்கிவிடும். ‘கேம் ஓடவில்லை’ என்று கடைக்கு வரும் ஒர்க்ஸ்டேஷனில் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜரின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான்.

2. பேட்டரி. கரண்ட் போனதும் கேம் பாதி வேகத்துக்கு விழுவது கோளாறில்லை. 97 வாட் மணி பேட்டரியிலிருந்து 150 வாட் இழுத்தால் 39 நிமிடத்தில் காலியாகிவிடும். பேட்டரியும் அந்த இழுப்பைத் தாங்காது. அதனால் கருவியே வரம்பைக் குறைக்கிறது. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் இணைப்பில் சார்ஜரைச் செருகினால் வேகம் திரும்பும். வீட்டு இன்வெர்ட்டர் 180 வாட்டைக் கூடுதலாகச் சுமக்குமா என்பதை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறி நின்றால் திட்டு உங்களுக்குத்தான்.

3. வெப்பம். இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

கடற்கரை கழிக்கும் பங்கு

சில்லுக்குள் போகும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். வெப்பக் குழாய், உலோகத் தகடுகள், மின்விசிறி மூன்றும் சேர்ந்து அதை அறைக் காற்றில் தள்ளுகின்றன. எவ்வளவு தள்ள முடியும் என்பது சில்லின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது.

இன்டெல் லேப்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி போட்ட 22 டிகிரி அலுவலகத்தில் வித்தியாசம் 78 டிகிரி. சித்திரை மதியத்தில் ஏசி இல்லாத அறை 36 டிகிரி என்றால் வித்தியாசம் 64. அதாவது அதே கருவி 18 சதவீதம் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். அலுவலகத்தில் 90 வாட்டைச் சமாளித்த குளிர்விப்பு இங்கே ஏறக்குறைய 74 வாட்டைத்தான் சமாளிக்கும். கருவி பழுதாகவில்லை, ஊர் மாறியிருக்கிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலமும், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும், பள்ளி விடுமுறையும், கடும் வெயிலும் ஒரே நேரத்தில் வருகின்றன. லேப்டாப்பில் அதிகம் விளையாடுவதும், அது அதிகம் திணறுவதும் அந்த நாட்களில்தான்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுவதன் காரணமும் இதில் உள்ளது. தொடக்கத்தில் உலோகம் குளிர்ந்திருக்கிறது. வெளியே தள்ள முடியாத வெப்பத்தை அது கொஞ்ச நேரம் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. நிரம்பியதும் கதை மாறுகிறது. கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

சூடாவது மதுரையிலும் உண்டு. இந்தக் கரைக்கு மட்டுமே உரிய தொல்லை உப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப் பூச்சும் தேவைப்பட்டதும் இதே காற்றுக்காகத்தான்.

லேப்டாப்புக்குள் நடப்பது இது. கடற்காற்றில் மிதந்துவரும் நுண்ணிய உப்பு, மின்விசிறி உறிஞ்சும் காற்றோடு தகடுகளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்த எந்த வீட்டிலும் இதை விளக்க வேண்டியதில்லை. கரையோர இரவுகளில் அந்த அளவு ஈரப்பதம் சாதாரணம். கரைந்த உப்பு நீர் தூசியைப் பசையாக்கித் தகடுகளின் இடைவெளியை அடைக்கிறது. பல லேப்டாப்களில் வெப்பக் குழாய் செம்பு, தகடு அலுமினியம். இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் தேயும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி வீசும் மாதங்களில் அடைப்பு இன்னும் வேகம்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைவிட ஓடாமல் கிடக்கும் லேப்டாப்தான் அதிகம் கெடலாம். ஓடும்போது உள்ளே சூடு. சூடான காற்றில் ஒப்பு ஈரப்பதம் குறைவு, உப்பு காய்ந்தே இருக்கும். அணைத்து ஜன்னலோரம் வைத்தால் இரவெல்லாம் உள்ளே ஈரம். விளையாடாத நாட்களில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றி மின்விசிறியையும் தகடுகளையும் சுத்தம் செய்வதும், சில்லுக்கும் வெப்பக் குழாய்க்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்டை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் இந்தக் கரையில் ஆடம்பரமல்ல. இங்கே ஒர்க்ஸ்டேஷனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பெரும்பாலானவற்றில் அடிமூடி சில திருகுகளில் கழன்றுவிடும். பழுது பார்ப்பவர் கையில் பிடித்து வேலை செய்யவே வடிவமைத்தவை.

வெப்பத்தைப் பங்கு போடுவது

பிராசஸரும் கிராபிக்ஸும் பல மாடல்களில் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்கின்றன. ஒருவர் அதிகம் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். இன்னொரு உண்மை: சில்லின் வேகத்தில் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் அதிக மின்சாரம் குடிக்கும். மின்சாரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வேகம் அந்த அளவு குறையாது. இதை நமக்குச் சாதகமாக்கலாம்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் ஃப்ரேம் ரேட்’ என்ற அமைப்பை 60-இலோ 45-இலோ கட்டிவிடுங்கள். 90-க்கும் 35-க்கும் இடையில் ஊசலாடுவதைவிட அசையாத 45 கண்ணுக்கு இதம். விண்டோஸ் பவர் அமைப்பில் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்பதை 100-லிருந்து 99-க்கு இறக்கினால் இன்டெல் பிராசஸர் தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் நிற்கும். மிச்சமாகும் வெப்ப இடம் கிராபிக்ஸுக்குப் போகும். கிராபிக்ஸ் சுமை அதிகமான கேம்களில் பலன் தெரியும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போலப் பிராசஸரை நம்பியிருப்பவற்றில் வேகம் குறையும், அங்கே இதைத் தொடாதீர்கள்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் ‘அண்டர்வோல்ட்’ வித்தையை வீடியோ பார்த்து முயல்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019 டிசம்பரில் வெளியான ‘பிளண்டர்வோல்ட்’ பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பிறகு பல நிறுவனங்கள் லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டில் அந்த வித்தையைப் பூட்டிவிட்டன. ஆபீஸ் லேப்டாப்களில் பூட்டாமல் விட்டவை அபூர்வம்.

மற்றவை

திரை: பல ஒர்க்ஸ்டேஷன்களில் 4கே திரை. 3840×2160 என்பது 82,94,400 புள்ளிகள். 1920×1080-ஐப் போல நான்கு மடங்கு. 4 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டை 4கே-இல் ஓட்டுவது கழுதை மேல் லாரிச் சுமை. கேமுக்குள் 1920×1080 என்று மாற்றிவிட்டால் போதும், பாதிப் புகார் தீரும்.

ராம்: 16 ஜிபி என்றால் ஒரே குச்சியா, 8+8-ஆ என்று பாருங்கள். 2666 வேக டிடிஆர்4 ஒரு குச்சியில் நொடிக்கு 21.3 ஜிபி தரும், இரண்டில் 42.6.

இரண்டு கிராபிக்ஸ்: இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸும் என்விடியாவும் சேர்ந்தே இருக்கும். கேம் தவறிப்போய் இன்டெல்லில் ஓடுவதும் நடக்கும். விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த கேமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று குறித்துவிடுங்கள்.

எந்தச் சில்லில் எது வரை

குவாட்ரோ பி1000, பி2000: வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக், ஜிடிஏ 5 போன்றவை 1920×1080-இல் நடுத்தர அமைப்பில் தாராளம். சைபர்பங்க் 2077 இப்போது குறைந்தபட்சமாகவே ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கேட்கிறது. இவை அதற்குக் கீழே. மேலும் இந்தப் பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவரே கடைசி. அதற்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். இனிமேல் பி வரிசைக்குக் காசு போடுவதானால் விலை மிக மலிவாக இருந்தால் மட்டுமே நியாயம்.

குவாட்ரோ டி1000, டி2000: ஒரு படி மேல், ஆனால் அதே 4 ஜிபி தடை. ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் உத்திக்கான வன்பொருள் கிடையாது. 2025-இல் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் போல அதைக் கட்டாயமாக்கும் கேம்கள் இவற்றில் திறக்கவே திறக்காது.

குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 3000, 6 ஜிபி: பழைய சந்தையில் கேமுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். ரே டிரேசிங் உண்டு, டிஎல்எஸ்எஸ் உண்டு. டிஎல்எஸ்எஸ் என்பது குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கும் உத்தி. வெயில் நாளில் வாட்டை மிச்சம் பிடிக்கும் நல்ல துணை. ஏ2000 புதிதாக இருந்தாலும் பலவற்றில் 4 ஜிபிதான், 8 ஜிபி வகை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

காசு கொடுக்கும் முன்

1. பயாஸில் பாஸ்வேர்ட் கேட்கிறதா பாருங்கள். கேட்டால் வேண்டாம்.

2. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் திரை வந்தால், அந்தக் கருவி இன்னும் அந்தக் கம்பெனியின் பதிவிலிருந்து நீக்கப்படவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் பூட்டப்படலாம்.

3. பிராசஸர் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேலா, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உண்டா என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸ் 11-க்கு இரண்டும் தேவை. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஓட டிபிஎம்மோடு, பயாஸில் உள்ள ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு அமைப்பும் தேவை.

4. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறங்கள். புதிய தலைமுறைக் கார்டுகளில் ‘மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்’ என்று வாட் எண் இருக்கும். 35 என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

5. கருவிக்குரிய வாட் சார்ஜரோடு இருபது நிமிடமாவது கனமான கேம் ஓட்டிப் பாருங்கள். கடை ஏசியில் நன்றாக ஓடினால், ஏசியை நிறுத்தச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

6. அடிமூடியின் திருகுகளையும் யுஎஸ்பி வாய்களின் உள் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ பூத்திருந்தால், அந்த லேப்டாப் ஏற்கெனவே ஒரு கடற்கரை ஊரில் வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறது.